சிறு பழுதும் பெரும் பொறுப்பும்



ரயில் வண்டி ஒன்று நிலையத்தினுள் நுழையும்போது, மேடையில் நிற்கும் பயணியின் கண் பெட்டியின் எண்ணைத் தேடுகிறது. அதே வேளையில், பாதையின் இரு புறங்களிலும் குந்தி அமர்ந்திருக்கும் சில ஊழியர்களின் கண்கள் பெட்டியின் அடிப்புறத்தையே நோக்குகின்றன. சக்கரம், அச்சுப் பெட்டி, சுருள் வில், பிரேக் கட்டை, தொங்கும் குழாய் ஆகியவை ஒவ்வொன்றாக அவர்களைக் கடந்து செல்கின்றன. நின்ற வண்டியில் எளிதிற் புலப்படாத குறைகள், வண்டி மெதுவாக உருண்டு வரும்போது தாமே வெளிப்படும். தட்டையான சக்கரம் தாளம் தவறாமல் தண்டவாளத்தை அடிக்கும். இறுகிய பிரேக் கிறீச்சிடும். தளர்ந்த தண்டு ஆடும். ‘ரோலிங் இன்’ என்று ரயில்வே வழக்கில் கூறப்படும் இந்தச் சில நிமிடப் பார்வையே வண்டிப் பரிசோதனையின் முதற்படியாகும்.

இந்தப் பணி பயணிகளின் கண்ணில் படுவதில்லை. படாமல் இருப்பதே அது செவ்வனே நடைபெறுகிறது என்பதற்குச் சான்று. ஆயினும், நாடெங்கும் நாள்தோறும் ஓடும் ஆயிரக்கணக்கான வண்டிகளின் பாதுகாப்பில் பெரும் பகுதி இந்தப் பணியையே நம்பியுள்ளது. ஆகவே, சிறு பழுதுகள் எவ்வாறு கண்டறியப்படுகின்றன, எவ்வாறு நீக்கப்படுகின்றன, எந்த இடத்தில் தவறு நேர்கிறது என்பனவற்றை மாணவரும் அலுவலரும் அறிந்திருத்தல் அவசியம்.

‘சிறு’ என்பதன் பொருள்

பெரிய பழுதுபார்ப்பு, பணிமனையில் நடைபெறுவது. குறிப்பிட்ட காலம் கடந்ததும் பெட்டி அங்கே அனுப்பப்பட்டு, பாகம் பாகமாகக் கழற்றிப் புதுப்பிக்கப்படும். இத்தகைய இரண்டு வருகைகளுக்கு இடையே நிலைய யார்டிலும், பெட்டியின் அடியில் ஆள் நின்று வேலை செய்யும் வகையில் பள்ளம் அமைந்த ‘பிட் லைன்’ பாதையிலும் கவனிக்கப்படுபவையே சிறு பழுதுகள். கசியும் குழாயின் வாஷரை மாற்றுதல், தேய்ந்த பிரேக் கட்டையை அகற்றிப் புதியதைப் பொருத்துதல், வேகன் கதவின் வளைந்த கொக்கியை நிமிர்த்துதல் போன்றவை இவ்வகையின. ஓடத் தகுதியற்றதாகக் கருதப்படும் வண்டியை ரயில்வே ஊழியர்கள் ‘சிக்’ என்பர். அது நிறுத்தப்படும் பாதை ‘சிக் லைன்’. நோயாளிக்கு வழங்கும் சொல்லை வண்டிக்கும் வழங்கியது பொருத்தமே. இரண்டிலும் அறிகுறி வேறு, நோய் வேறு.

‘சிறு’ என்ற அடைமொழி வேலையின் அளவைக் குறிக்கிறதே தவிர, விளைவின் அளவைக் குறிக்கவில்லை. பிரேக் தண்டுகளை இணைக்கும் முளைகள் நழுவாமல் காப்பது ஒரு சிறிய பிளவு ஊசி. அதன் விலை அற்பம். அதைச் செருக ஒரு நிமிடம் போதும். அது விழுந்துபோனால் முளை நழுவும். முளை நழுவினால் தண்டு கீழே தொங்கும். தொங்கும் இரும்பு பாதை பிரியும் இடத்தில் சிக்கினால் வண்டி தடம் புரளும். பழுது சிறியதாக இருப்பது, அது உரிய நேரத்தில் ஒருவர் கண்ணில் பட்டதனால் மட்டுமே.

எண்ணிக்கையின் சுமை

நிலக்கரி ஏற்றிச் செல்லும் ‘பாக்ஸ்-என்’ வகை வேகன்கள் 58 கொண்ட ஒரு சரக்கு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேகனுக்கும் 8 சக்கரங்கள். ஆக 464 சக்கரங்கள். வண்டியின் நீளம் 600 மீட்டருக்கும் மேல். 20.3 டன் அச்சுப் பாரத்தில் முழுச்சுமை ஏற்றினால் வேகன்களின் மொத்த எடை சுமார் 4,700 டன். ஒரு புறம் சென்று மறுபுறம் திரும்பும் பரிசோதகர், சரளைக் கற்களின் மேல் 1.2 கி.மீ.க்கும் அதிகமாக நடக்கிறார். நடப்பது மட்டுமன்று, குனிந்து, தொட்டு, தட்டி, காது கொடுத்துக் கேட்டு நடக்கிறார். வெயிலாயினும் மழையாயினும், நள்ளிரவாயினும் இந்த நடை குறைவதில்லை.

பரிசோதனை முடிந்ததும் ‘பிரேக் பவர்’ சான்றிதழ் தயாரிக்கப்படுகிறது. பிரேக் வேலை செய்யும் சிலிண்டர்கள் எத்தனை, செய்யாதவை எத்தனை என்பதை அது கூறும். வண்டிப் பரிசோதகரும், எஞ்சின் ஓட்டுநரும், கார்டும் அதில் கையொப்பமிடுவர். (2022 முதல் கார்டின் பதவிப் பெயர் ‘டிரெயின் மானேஜர்’ என மாற்றப்பட்டுள்ளது.) ஒரே தொகுப்பாகத் திரும்பத் திரும்ப ஓடும் சில சரக்கு வண்டிகள், ஒரு முழுப் பரிசோதனைக்குப் பின் பல நாட்கள், ஆயிரக்கணக்கான கி.மீ. தூரம் அதே சான்றிதழோடு ஓடுகின்றன. வேகன்கள் யார்டில் காத்துக் கிடக்காமல் இருக்க இம்முறை உதவுகிறது. ஆனால், அன்று கவனிக்கத் தவறிய குறையும் அத்தனை தூரம் உடன் செல்லும் என்பதை மறந்துவிடலாகாது.

காற்று பிரேக்கின் இயல்பு

சிறு பழுதுகளில் பெரும்பாலானவை பிரேக் அமைப்பைச் சார்ந்தவை. எனவே அதன் இயல்பைச் சுருக்கமாகவேனும் அறிய வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் அவர் அமைத்த தானியங்கி முறையே இன்றைய அமைப்புக்கு அடிப்படை. எஞ்சினிலிருந்து கடைசி வண்டிவரை செல்லும் பிரேக் குழாயில் சதுர செ.மீ.க்கு 5 கி.கி. அழுத்தத்தில் காற்று நிரப்பப்படுகிறது. அழுத்தம் நிறைந்திருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். அழுத்தம் குறைந்தால், ஒவ்வொரு வண்டியிலும் உள்ள விநியோக வால்வு அதனை உணர்ந்து, அவ்வண்டியின் துணைத் தொட்டியிலுள்ள காற்றைப் பிரேக் சிலிண்டருக்குள் செலுத்தும். வண்டி இரண்டாக அறுந்தாலும், குழாய் வெடித்தாலும், அபாயச் சங்கிலி இழுக்கப்பட்டாலும் அழுத்தம் குறைந்து பிரேக் பிடிக்கும். தவறு நேர்ந்தால் வண்டி நிற்க வேண்டும் என்பதே இதன் தத்துவம்.

இந்தத் தத்துவத்திற்கும் ஓர் ஓட்டை உண்டு. வண்டிகளுக்கு இடையே குழாயைத் திறந்து மூடும் ‘ஆங்கிள் காக்’ ஒன்று தவறுதலாக மூடியிருந்தால், அதற்குப் பின்னுள்ள குழாயில் காற்று அடைபட்டு நிற்கும். ஓட்டுநர் முன்னே அழுத்தத்தைக் குறைத்தாலும் பின்னுள்ள வண்டிகள் அதனை அறியா. அவற்றின் பிரேக் பிடிக்காது. ஆகவேதான், வண்டி புறப்படுமுன் ஓட்டுநர் அழுத்தத்தைக் குறைக்க, கடைசி வண்டியில் உள்ள அளவுமானியிலும் முள் இறங்குகிறதா என்று பார்க்கப்படுகிறது. இதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்களே. இதைச் செய்யாமல் செய்ததாக எழுதினால், வண்டித் தொடர் முழுவதன் பாரமும் முன்பகுதி வண்டிகளின் பிரேக்குகளின் மேல் விழுகிறது.

கசிவுக்கும் அளவு உண்டு. குழாயில் காற்று நிரப்பிய பின் காற்றுவரத்தை நிறுத்திவிட்டு அளவுமானியைக் கவனிக்க வேண்டும். சரக்கு வண்டியில் நிமிடத்திற்கு 0.25 கி.கி., பயணி வண்டியில் 0.2 கி.கி. என்ற அளவுக்கு மேல் அழுத்தம் இறங்கக் கூடாது. மீறினால் கசியும் இடத்தைத் தேட வேண்டும். பெரிய கசிவைக் காது காட்டிக்கொடுக்கும். சிறிய கசிவுக்குச் சோப்பு நீர் போதும். குமிழி எழும் இடமே குற்றவாளி. பெரும்பாலும் இரு குழாய்களும் சேரும் இடத்திலுள்ள ரப்பர் வாஷரே தேய்ந்திருக்கும்.

பிரேக் இறுக்கம் தரும் பாடம்

அறிகுறியை நீக்குவதற்கும் நோயை நீக்குவதற்கும் உள்ள வேற்றுமை, பிரேக் இறுக்கத்தில் தெளிவாகத் தெரியும். விலக வேண்டிய பிரேக் விலகாமல் சக்கரத்தைப் பற்றிக்கொண்டிருப்பதே இந்தப் பழுது. புகை, கருகிய நாற்றம், பொறி, வண்டி இழுக்கக் கனமாக இருத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். ஒவ்வொரு வண்டியிலும் சிலிண்டரின் காற்றை வெளியேற்றும் விடுவிப்புக் கம்பி உண்டு. அதை இழுத்தால் பெரும்பாலும் பிரேக் விலகிவிடும், வண்டியும் புறப்பட்டுவிடும். அடுத்த முறை ஓட்டுநர் பிரேக் போட்டதும் அதே பழுது திரும்பவும் தோன்றக்கூடும். கம்பியை இழுத்தது சிகிச்சையன்று; வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்ததைப் போன்றது.

தேர்ந்த பரிசோதகர் முதலில் கேட்கும் கேள்வி, ‘ஒரு வண்டியிலா, பல வண்டிகளிலா?’ என்பதே. பல வண்டிகளில் ஒரே சமயத்தில் இறுக்கம் இருந்தால், குற்றம் பெரும்பாலும் வண்டிகளில் இராது. அபாயச் சங்கிலி இழுக்கப்பட்டிருக்கலாம். குழாயில் கசிவு இருக்கலாம். அல்லது எஞ்சினிலேயே காரணம் இருக்கலாம். விநியோக வால்வு, தான் நிரம்பியபோது பெற்ற அழுத்தத்தையே அளவுகோலாகக் கொள்ளும். ஓர் எஞ்சின் 5 கி.கி.க்கு மேல் காற்றேற்றிவிட்டுச் சென்றபின், வேறோர் எஞ்சின் சரியாக 5 கி.கி. ஏற்றினால், வால்வு அதனை அழுத்தக் குறைவு என்றே எடுத்துக்கொள்ளும், பிரேக் விலகாது. அப்போது எல்லா வண்டிகளின் கம்பிகளையும் இழுத்து, பழைய காற்றை வெளியேற்றுவதே சரியான பரிகாரம். எஞ்சினின் குறையைத் தேடாமல் 20 பெட்டிகளின் வால்வுகளைக் கழற்றுவது வீண் வேலை.

ஒரு வண்டியில் மட்டும் இறுக்கம் இருந்தால், முதலில் கைப் பிரேக்கைப் பார்க்க வேண்டும். யார்டில் நிறுத்தியபோது முறுக்கிய சக்கரத்தைத் திருப்பிவிட மறந்துபோவது அரிதன்று. அது சரியாக இருப்பின், விடுவிப்புக் கம்பியையே சோதனைக் கருவியாகப் பயன்படுத்தலாம். கம்பியை இழுத்துக் காற்று வெளியேறியதும் பிஸ்டன் உள்ளே சென்று கட்டைகள் விலகினால், காற்றுப் பகுதியில், அதாவது வால்வில் குறை. காற்று முழுவதும் வெளியேறிய பின்னும் கட்டைகள் சக்கரத்தை விடாவிட்டால், இரும்புப் பகுதியில் குறை. தண்டு வளைந்திருக்கலாம், முளை துருப்பிடித்து இறுகியிருக்கலாம், கட்டை தேயத் தேய இடைவெளியைத் தானே சரிப்படுத்தும் ‘ஸ்லாக் அட்ஜஸ்டர்’ சிக்கியிருக்கலாம். ஒரு கேள்வியால் வண்டித் தொடரை இரண்டாகப் பகுத்து, மற்றொரு கேள்வியால் அந்த வண்டியின் அமைப்பை இரண்டாகப் பகுத்துக் காரணத்தை நெருங்குவதே பழுதறியும் முறை. பொறியியல் மாணவர் எந்தத் துறைக்குச் சென்றாலும் இம்முறை அவருக்குத் துணை நிற்கும்.

வால்வில் குறை என்று கண்டால், வழியில் அதைப் பிரித்துப் பார்க்க இயலாது. அவ்வண்டியின் பிரேக்கை மட்டும் தனிமைப்படுத்தி, குழாயில் காற்று தொடர்ந்து செல்லுமாறு விட்டு, அதனைச் சான்றிதழில் குறிக்க வேண்டும். குறிப்பது மிக முக்கியம். எழுதப்படாத பழுது, அடுத்த நிலையத்தாரைப் பொறுத்தவரை இல்லாத பழுது.

தட்டையான சக்கரம்

இறுக்கத்தைக் கவனியாமல் விட்டால், சக்கரம் உருளாமல் வழுக்கிச் செல்லும். தண்டவாளத்தில் உராயும் இடம் தேய்ந்து தட்டையாகும். அகலப் பாதையில் பயணிப் பெட்டிகளுக்கு 50 மி.மீ., சரக்கு வண்டிகளுக்கு 60 மி.மீ. நீளத்திற்கு மேல் தட்டை அனுமதிக்கப்படுவதில்லை. 915 மி.மீ. விட்டமுள்ள பெட்டிச் சக்கரம் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 9 அல்லது 10 முறை சுழலும். அத்தனை முறையும் தட்டைப் பகுதி தண்டவாளத்தைச் சம்மட்டிபோல் அடிக்கும். பேரிங் நலியும், குளிர்காலத்தில் இழுவிசையில் இருக்கும் தண்டவாளம் விரிசலுறும் வாய்ப்பும் மிகும்.

சக்கரத்தைக் கடைசல் எந்திரத்தில் கடைந்து வட்டமாக்கிவிடலாம். ஆனால், தட்டையாக்கிய பிரேக்கை ஆராயாமல் அதே பெட்டியில் சக்கரத்தைப் பொருத்தினால், சில வாரங்களில் அது மீண்டும் கடைசல் எந்திரத்திற்கே வந்து சேரும். ஒவ்வொரு முறை கடையும்போதும் சக்கரத்தின் ஆயுள் குறைகிறது. அறிகுறிக்குச் செய்யும் செலவு இவ்வாறு பெருகிக்கொண்டே போகும்.

சூடாகும் அச்சு

பழைய நான்கு சக்கர வேகன்களில் அச்சின் முனை, எண்ணெயில் ஊறிய நூற்கழிவின் துணையோடு வெள்ளை உலோகத் தாங்கியில் சுழன்றது. எண்ணெய் வற்றினாலும் தூசி புகுந்தாலும் அச்சு சூடேறும். அன்று ஊழியர் பெட்டியின் மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றி, கழிவைச் சீராக்கி, பல சமயம் வண்டியை அனுப்பிவிட முடிந்தது. உருளை பேரிங்குகள் வந்தபின் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. ஆனால், குறை ஏற்பட்டால் பாதையோரத்தில் செய்யக்கூடியதும் குறைந்துவிட்டது. மூடப்பட்ட பேரிங்கை அங்கே திறந்து பார்க்கலாகாது. கிரீஸ் வழிந்து சக்கரத்தின்மேல் தெறித்திருத்தல், முனை மூடியின் போல்ட் தளர்ந்திருத்தல், அரைபடும் ஓசை, மிகுந்த சூடு ஆகியவற்றைக் கண்டறிந்து வண்டியைத் தொடரிலிருந்து விலக்குவதே சரியான செயல்.

சூட்டை அறிவதிலும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பிற்பகல் வெயில் படும் புறத்திலுள்ள அச்சுப் பெட்டிகள் அனைத்தும் சூடாகவே இருக்கும். அதே புறத்தில், அதே வண்டியில் உள்ள மற்றவற்றைவிட ஒன்று மட்டும் மிகுதியாகச் சுடுகிறதா என்பதே கேள்வி. முன்பு புறங்கையால் தொட்டுப் பார்த்தனர். பின்னர் தொடாமலே வெப்பம் காட்டும் கருவி ஊழியரின் கைக்கு வந்தது.

கருவி மட்டும் போதாது என்பதற்கு 2023 பிப்ரவரி 3ஆம் நாள் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற ஊரில் நிகழ்ந்த விபத்து சான்றாகும். ஒரு சரக்கு வண்டியின் ஒரே பேரிங் பழுதுற்றது. பாதையோர உணர்கருவிகள் மூன்று அதனை அளந்தன. சுற்றுப்புறத்தைவிட முதற்கருவியில் 21 டிகிரி செல்சியஸும், இரண்டாவதில் 57 டிகிரியும், மூன்றாவதில் 141 டிகிரியும் மிகுந்திருந்தது. மூன்றாவதன் எச்சரிக்கை கேட்டு ஓட்டுநர் வண்டியை நிறுத்த முற்பட்டபோது காலம் கடந்துவிட்டது. 38 வேகன்கள் தடம் புரண்டன. அவற்றுள் 11 அபாயகரமான பொருள்களை ஏற்றியிருந்தன. சுற்று வட்டார மக்கள் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. முதல் இரண்டு அளவுகளும் தனித்தனியே பார்த்தால் வண்டியை நிறுத்தும் அளவுக்கு உயர்ந்தவையாகக் கருதப்படவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால், வெப்பம் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பது தெரிந்திருக்கும்.

நம் நாட்டிலும் சூடான அச்சைக் காட்டும் கருவிகளும், சக்கரம் தண்டவாளத்தில் மோதும் விசையை அளக்கும் கருவிகளும், பேரிங்கின் ஓசையைக் கேட்டுணரும் கருவிகளும் பாதையோரங்களில் அமைக்கப்பட்டு வருகின்றன. இவை வரவேற்கத்தக்கவை. எந்த வண்டியில், எந்தச் சக்கரத்தில் என்று கருவி கூறும். ஏன் என்று கூறாது. அதைக் காண்பதற்கு வண்டியின் அடியில் குனியும் மனிதன் தேவை.

பீதியும் ஒரு விளைவு

விபத்து என்பது தடம் புரள்வது மட்டுமன்று. 2025 ஜனவரி 22ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில், லக்னோவிலிருந்து மும்பை சென்ற புஷ்பக் எக்ஸ்பிரஸில் தீப்பிடித்துவிட்டதென்ற வதந்தி பரவியது. அபாயச் சங்கிலி இழுக்கப்பட்டு வண்டி நின்றது. பெட்டியிலிருந்து இறங்கி அடுத்த பாதையில் நின்ற பயணிகள்மீது எதிரே வந்த கர்நாடகா எக்ஸ்பிரஸ் மோதி, பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வண்டியில் தீ இல்லை. பொறியையோ புகையையோ காணும் சாதாரணப் பயணி, அது பிரேக் கட்டையின் உராய்வா, தீயா என்று பிரித்தறிய இயலாது. ஆதலால், பிரேக் இறுக்கத்தை நீக்குவது சக்கரத்தைக் காப்பதற்கு மட்டுமன்று. ஆயிரம் பேர் பயணம் செய்யும் வண்டியில் பீதிக்கு இடங்கொடாமல் இருப்பதற்கும் ஆகும்.

நிர்வாகத்தின் கடமை

சிறு பழுதைக் கண்டவர் முன் மூன்று வழிகள் உள்ளன. அங்கேயே திருத்தலாம், பிரேக்கைத் தனிமைப்படுத்திக் குறித்து அனுப்பலாம், வண்டியைத் தொடரிலிருந்து விலக்கலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு விதிகளும் அளவுகளும் உள்ளன. ஆனால், விதி இருந்தாலும் மனத்தில் ஒரு தராசு ஆடும். ஒரு தட்டில் ஐயத்திற்குரிய ஓர் ஓசை. மறு தட்டில் புறப்பாட்டு நேரம், கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் கேள்வி, தாமதத்திற்கான விளக்கக் கடிதம். வண்டியை நிறுத்தியவரிடம் மட்டும் விளக்கம் கேட்டு, கவனியாமல் அனுப்பியவரிடம் எதுவும் கேளாத நிர்வாகம், தன்னையறியாமலே தராசின் ஒரு தட்டைக் கையால் அழுத்துகிறது.

தாமதங்களை எண்ணுவது எளிது. அதோடு, ஒரே வண்டியில் ஒரே பழுது எத்தனை முறை திரும்ப வந்தது என்பதையும் எண்ண வேண்டும். முன்னது எவ்வளவு விரைவாக வண்டி அனுப்பப்பட்டது என்பதைக் கூறும். பின்னது நோய் தீர்ந்ததா என்பதைக் கூறும். யார்டில் போதிய வெளிச்சம், இரு புறமும் நடக்கத்தக்க பாதை, கைக்கெட்டும் தூரத்தில் வாஷர், ஊசி, பிரேக் கட்டை, குறைக்க முடியாத பரிசோதனை நேரம் ஆகியவை பெரும் முதலீட்டைக் கோருவன அல்ல. இவை இல்லாத இடத்தில் புதிய உணர்கருவியும் பயன் தராது.

பரிசோதகரின் பணியில் வெற்றிக்கு அடையாளம் ஏதும் இல்லை. அவர் மாற்றிய ஊசியால் தவிர்க்கப்பட்ட விபத்து எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. வண்டி புறப்பட்டுச் சென்றபின் அவரிடம் எஞ்சுவது கையொப்பமிட்ட சான்றிதழின் நகல் ஒன்றே. அந்தக் கையொப்பத்தை உண்மையாக இடுவதற்குரிய நேரத்தையும் துணிவையும் அவருக்கு அளிப்பதே, சிறு பழுதைச் சிறியதாகவே வைத்திருக்கும் வழியாகும்.